பொருள் போய்ச் சேரும்வரை பணம் உங்களுடையது அல்ல!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "தம்பி, இதை வச்சு வீட்டில இருந்தே ஏதாவது சம்பாதிக்க முடியுமா?" முடியும். அதில் எல்லோரும் சுலபமாக இறங்குவது மறுவிற்பனை, அதாவது ரீசெல்லிங். சொந்தமாக எதையும் தயாரிக்க வேண்டாம், கடைக்கு வாடகை கொடுக்க வேண்டாம். ஒருவரிடம் வாங்குகிறோம், போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறோம், ஆர்டர் வந்ததும் பார்சல் கட்டி அனுப்புகிறோம். 2015-ல் தொடங்கிய மீஷோ போன்ற நிறுவனங்கள் இதை வீட்டுப் பெண்கள் நடத்தும் ஒரு தொழிலாகவே பரப்பிவிட்டன.

எப்படி விற்பது என்று சொல்லிக் கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். பார்சல் தாமதமானால் என்ன செய்வது, வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்டால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுப்பவர்கள் குறைவு. இந்த விஷயத்தில் நான் ஒருமுறை தவறான ஆலோசனை சொல்லி மாட்டிக்கொண்டேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஓணச் சேலை

என் மைனி, அதாவது அண்ணன் மனைவி, களியக்காவிளையில் இருக்கிறார். எல்லையைத் தாண்டி திருவனந்தபுரம் சாலையில் போனால் பாலராமபுரம். கைத்தறிக் கசவு சேலைக்குப் பெயர்போன ஊர். மைனி அங்கே தெரிந்த நெசவுக்காரர்களிடம் சேலை எடுத்து, சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பவர்களுக்கு அனுப்புவார். ஓணம்தான் அவருக்குப் பெரிய சீசன்.

2024-ல் திருவோணம் செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. "ஓணத்துக்கு முன்னாடி கிடைச்சிரும்" என்று சொல்லி 18 ஆர்டர்கள் வாங்கியிருந்தார். அத்தனையையும் 9, 10 தேதிகளில் கூரியரில் ஒப்படைத்துவிட்டார். 15 சேலைகள் சரியாகப் போய்ச் சேர்ந்தன. மூன்று மட்டும் வழியில் ஏதோ ஒரு மையத்தில் நின்றுவிட்டன. வியாழக்கிழமை, 12-ஆம் தேதி மைனி எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, ரெண்டு நாளா ஒரே இடத்தையே காட்டுது. அவங்ககிட்ட சொல்லிரட்டா?"

"வேண்டாம் மைனி. நாளைக்குக் கிளம்பிரும். இப்பச் சொன்னா பயந்து கேன்சல் பண்ணிருவாங்க" என்றேன்.

ஒரு சேலை சனிக்கிழமை போய்ச் சேர்ந்தது. மற்ற இரண்டும் 17-ஆம் தேதிதான் போயின. 16-ஆம் தேதியே பெங்களூரில் இருந்து போன் வந்துவிட்டது. "வரலைன்னுகூட எனக்குக் கோபமில்லை அக்கா. வியாழக்கிழமையே தெரிஞ்சும் சொல்லலையே! சொல்லியிருந்தா இங்கேயே ஒண்ணு வாங்கியிருப்பேன். எனக்குச் சேலை வேண்டாம், 2,850 ரூபாயை அனுப்பிருங்க."

அடுத்த சிக்கல் இங்கேதான். அந்தப் பணம் மைனியிடம் இல்லை. தீபாவளிச் சரக்குக்கு முன்பணமாகக் கொடுத்துவிட்டார். மூன்று நாள் கழித்து, வேறு ஒருவரிடம் கைமாற்று வாங்கித்தான் அனுப்பினார். அந்த மூன்று நாளும் அவர் சரியாகத் தூங்கவில்லை. பெங்களூர்க்காரர் அதன்பிறகு மைனியிடம் எதுவும் வாங்கவில்லை. அது நியாயம்தான்.

பழைய பாடம்

யோசித்துப் பார்த்தபோது, இரண்டு தவறுக்கும் காரணம் ஒன்றே என்று புரிந்தது. கைக்கு வந்த உடனேயே அந்தப் பணம் நம்முடையது என்று நினைத்துவிட்டோம். என் கருத்து இதுதான்: பொருள் வாங்கியவர் கையில் போய்ச் சேரும்வரை அந்தப் பணம் அவருடையது. நாம் அதைப் பாதுகாத்து வைத்திருக்கிறோம், அவ்வளவே.

இது புதிய கருத்து அல்ல. தூரத்தில் இருந்து விற்பவரை எப்படி நம்புவது என்ற கேள்வி வந்தபோதெல்லாம் இதே விடைதான் கிடைத்திருக்கிறது. நம் நாட்டுத் தபால் துறை 1877-லேயே வி.பி.பி. முறையைக் கொண்டு வந்தது. பார்சலைத் தபால்காரர் கொடுப்பார், பணத்தை வாங்குவார், அதன்பிறகுதான் அது விற்றவருக்குப் போகும். நம் தாத்தா காலத்தில் புத்தகமும் மருந்தும் இப்படித்தான் வீடு தேடி வந்தன.

சீனாவில் 2004-ல் அலிபே தொடங்கியதும் இதற்காகவே. வாங்கியவர் "பொருள் வந்துவிட்டது" என்று உறுதி சொல்லும்வரை பணம் நடுவில் நிற்கும். இந்தியாவில் பாஸீ தளத்தை 2004-ல் வாங்கிய ஈபே நிறுவனம், பைசாபே என்ற பெயரில் இதையே செய்தது. பிளிப்கார்ட் 2010-ல் கொண்டு வந்த கேஷ் ஆன் டெலிவரியும் வி.பி.பி.யின் தம்பிதான்.

2016-ல் யு.பி.ஐ. வந்தது. அருமையான வசதி, சந்தேகமில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் விற்பவருக்கு யு.பி.ஐ.யில் பணம் வரும்போது நடுவில் யாரும் நிற்பதில்லை. ஆர்டர் போட்ட நொடியில் பணம் நம் கணக்கில் வந்து விழுகிறது. அன்று தபால் துறை செய்த வேலையை இன்று நாம்தான் நமக்கு நாமே செய்துகொள்ள வேண்டும்.

பார்சல் எங்கே நிற்கிறது?

பார்சல் எப்படிப் போகிறது என்று தெரிந்தால் தாமதம் ஏன் என்பது பாதி புரிந்துவிடும். களியக்காவிளையில் இருந்து பாறசாலை கூப்பிடு தூரம். நடந்தே போய்க் கொடுத்துவிடலாம். ஆனால் கூரியரில் ஒப்படைத்தால், அந்த நிறுவனத்தின் பிரிப்பு மையம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்த்தான் திரும்ப வேண்டும். தூரத்தைவிட, எத்தனை மையங்களில் ஏறி இறங்குகிறது என்பதுதான் நாள் கணக்கைத் தீர்மானிக்கிறது. பண்டிகைக் காலத்தில் ஒவ்வொரு மையத்திலும் பார்சல்கள் மலைபோல் குவியும்.

டிராக்கிங் பக்கத்தில் நீங்கள் பார்ப்பது பார்சல் இப்போது இருக்கும் இடத்தை அல்ல. அதன் பார்கோடை கடைசியாக எங்கே ஸ்கேன் செய்தார்களோ அந்த இடத்தைத்தான். எனவே ஒரு நாள் முழுவதும் ஒரே இடத்தைக் காட்டினால் பயப்பட வேண்டாம், லாரியில் போய்க்கொண்டிருக்கலாம். இரண்டு நாளுக்கு மேல் அசையவில்லை என்றால் கவனிக்க வேண்டும். அன்றே கூரியர் அலுவலகத்தில் புகார் எண் வாங்குங்கள். லேபிள் தயார் என்று காட்டுவதை, பார்சல் கிளம்பிவிட்டது என்று நினைக்காதீர்கள். பார்சல் இன்னும் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்!

தேதி சொல்லும்போதும் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். சரக்கு நம் கைக்கு வர ஆகும் நாள், கட்டி அனுப்ப ஒரு நாள், கூரியர் சொல்லும் அதிகபட்ச நாள், நடுவில் வரும் ஞாயிறு மற்றும் விடுமுறைகள், இவற்றோடு மேலும் இரண்டு நாள். இதைக் கூட்டி வரும் தேதியைச் சொல்லுங்கள். "மூன்று நாளில் கிடைக்கும்" என்று சொல்லி ஐந்தாம் நாள் கொடுப்பவரைவிட, "ஏழு நாள் ஆகும்" என்று சொல்லி ஐந்தாம் நாள் கொடுப்பவருக்குத்தான் நல்ல பெயர்.

அவர்கள் கேட்பதற்கு முன் சொல்லுங்கள்

தாமதம் என்று நமக்குத் தெரிந்த அன்றே வாங்கியவருக்கும் தெரிய வேண்டும். அமெரிக்காவில் 1975 முதலே இதற்கு ஒரு விதி இருக்கிறது. தபாலில் விற்பவர் சொன்ன தேதிக்குள் அனுப்ப முடியாவிட்டால், வாங்கியவருக்குத் தகவல் சொல்லி, "காத்திருக்கிறீர்களா, பணம் வேண்டுமா?" என்று கேட்டே ஆக வேண்டும். 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் இன்டர்நெட்டில் வாங்கிய பொருள்கள் பலருக்குப் பண்டிகைக்குள் வந்து சேரவில்லை. டாய்ஸ் ஆர் அஸ், மேஸிஸ் உள்பட ஏழு விற்பனையாளர்கள் மீது அந்நாட்டு வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 2000 ஜூலையில் அவர்கள் மொத்தம் 15 லட்சம் டாலர் அபராதம் கட்டினார்கள். அங்கே கிறிஸ்துமஸ், இங்கே ஓணம். விஷயம் ஒன்றுதான்.

தகவல் சொல்ல ஆங்கிலத்தில் நீளமான கடிதம் வேண்டாம். என்ன நடந்தது, புதிய தேதி என்ன, அவர் என்ன செய்யலாம், இந்த மூன்றும் இருந்தால் போதும். மைனிக்கு நான் எழுதிக் கொடுத்த மாதிரி இது:

"வணக்கம். உங்கள் சேலை 10-ஆம் தேதி கூரியரில் கொடுத்தது, வழியில் நிற்கிறது. நீங்கள் கேட்ட தேதிக்குள் வராது என்று தெரிகிறது, 17-ஆம் தேதி ஆகலாம். காத்திருப்பதாக இருந்தால் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் முழுப் பணத்தையும் இன்றே அனுப்பி விடுகிறேன்."

"நாங்கள் என்ன செய்ய, கூரியர் தப்பு" என்று மட்டும் எழுதாதீர்கள். கூரியரைத் தேர்ந்தெடுத்தது நீங்கள், வாங்கியவர் அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

"நாங்க சின்ன வியாபாரம், எங்களுக்கு எதுக்குச் சட்டம்?" என்று பலர் நினைக்கிறார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதே மாதம் இணைய வணிகத்துக்குத் தனி விதிகளும் வந்தன. எப்போதோ ஒருமுறை தன் பழைய பொருளை விற்பவரை இந்த விதிகள் கட்டுப்படுத்தாது. தொழிலாகத் தொடர்ந்து செய்பவரை அப்படி விட்டுவிடாது.

விதிகளின்படி, பொருள் பழுதாக இருந்தாலோ, விளம்பரத்தில் காட்டியதுபோல் இல்லாவிட்டாலோ, சொன்ன தேதிக்குப் பிந்தி வந்தாலோ, திரும்ப எடுத்துக்கொள்ளவோ பணத்தைத் திருப்பித் தரவோ மறுக்கக் கூடாது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று எழுதி வைத்துவிட்டால் தப்பிக்க முடியாது. பழுதான பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், எதுவும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம் என்கிறது சட்டம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வாங்கியவர் தான் வசிக்கும் ஊரிலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் முறையிடலாம். களியக்காவிளையில் இருந்து விற்றவர், பெங்களூரில் பதில் சொல்ல வேண்டி வரலாம். 2,850 ரூபாய்க்கு அது தேவையா?

இயற்கைச் சீற்றம் போல யார் கையிலும் இல்லாத காரணங்களுக்கு விதிவிலக்கு உண்டு. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது குமரி மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2023 டிசம்பரில் நெல்லை, தூத்துக்குடி வெள்ளத்தில் சாலையும் ரயிலும் துண்டிக்கப்பட்டன. அப்போது தாமதத்துக்கு யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். ஆனால் சிக்னல் வந்த பிறகும் தகவல் சொல்லாமல் இருந்தால், அதற்குப் புயலைக் காரணம் காட்ட முடியாது.

கம்ப்யூட்டர் எதற்கு இருக்கிறது?

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொள்ள முடியாது, வைத்துக்கொள்ளவும் வேண்டாம். எக்செல் இருந்தால் அதில், இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஒரு பைல் திறங்கள். ஒரு ஆர்டருக்கு ஒரு வரிசை. கீழ்க்கண்ட கட்டங்கள் போதும்: ஆர்டர் தேதி, பெயர், ஊர், வந்த பணம், சொன்ன தேதி, கூரியர் எண், போய்ச் சேர்ந்த தேதி.

தினமும் காலையில் "சொன்ன தேதி"யின்படி வரிசைப்படுத்துங்கள். போய்ச் சேராதவற்றில் யாருக்கு நாள் நெருங்கிவிட்டது என்று மேலேயே தெரியும். அவர்களின் டிராக்கிங்கை மட்டும் பார்த்தால் போதும், பத்து நிமிட வேலை.

அடுத்ததுதான் முக்கியம். "போய்ச் சேர்ந்த தேதி" காலியாக இருக்கும் வரிசைகளை மட்டும் பில்டர் செய்து, "வந்த பணம்" கட்டத்தின் கூட்டுத்தொகையைப் பாருங்கள். அந்தத் தொகை இன்னும் உங்களுடையது அல்ல. அவ்வளவு பணம் எப்போதும் வங்கியில் இருக்க வேண்டும். முடிந்தால் இதற்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். "சரக்கு வாங்கவே அந்தப் பணம்தானே வேண்டும்?" என்று கேட்பீர்கள். உண்மைதான். அதனால்தான் முதலில் கையிருப்புக்கு ஏற்ற அளவில் மட்டும் ஆர்டர் எடுங்கள் என்கிறேன். ஐந்து சேலைக்கு முதல் வைத்திருப்பவர் இருபது சேலைக்கு ஆர்டர் எடுத்தால், மீதிப் பதினைந்தும் மற்றவர் பணத்தில் நடக்கும் வியாபாரம்.

திருப்பிக் கொடுத்தால் நஷ்டமா?

ரீபண்ட் என்றதும் 2,850 ரூபாய் போய்விட்டது என்றுதான் தோன்றும். கணக்குப் போடுங்கள். சேலை திரும்பி வந்துவிடும், அதை வேறொருவருக்கு விற்கலாம். உண்மையில் போவது போகவர கூரியர் செலவு மட்டும்தான். மைனிக்கு அன்று போனது 240 ரூபாய். தாமதம் நம் பக்கத்தில் என்றால் திரும்பி வரும் செலவையும் நாமே ஏற்பதுதான் முறை.

பணம் அனுப்பும்போது, எந்தக் கணக்கில் இருந்து வந்ததோ அதே கணக்குக்கு அனுப்புங்கள். 12 இலக்கப் பரிமாற்ற எண்ணை வாங்கியவருக்கும் அனுப்பி, உங்கள் பைலிலும் எழுதிவையுங்கள். யு.பி.ஐ.யில் அனுப்பும்போது நம் கணக்கில் கழிந்து அவருக்குப் போகாவிட்டால் பதற வேண்டாம். ரிசர்வ் வங்கியின் 2019 உத்தரவுப்படி அடுத்த நாளுக்குள் வங்கி அதைத் தானாகத் திருப்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. "வங்கியில் சிக்கல், நாளைக்குள் சரியாகும்" என்று வாங்கியவருக்கும் சொல்லிவிடுங்கள்.

ஏமாற்றுபவர்கள் இல்லையா?

இருக்கிறார்கள். பொருள் வந்த பிறகும் வரவில்லை என்பவர், ஓணத்துக்குக் கட்டிவிட்டுத் திருப்பி அனுப்புபவர் என்று இரண்டொருவர் வரத்தான் செய்வார்கள். அதற்கு ஆதாரம்தான் மருந்து. பார்சல் கட்டும்போது சேலையும் முகவரியும் ஒன்றாகத் தெரியும்படி செல்போனில் சிறு வீடியோ எடுங்கள். எடை எழுதிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். "வரவில்லை" என்றால் சண்டை போடாமல், ஒப்படைத்ததற்கான ஆதாரத்தைக் கூரியரிடம் கேட்டு வாங்குங்கள்.

ரீபண்ட் பெயரில் மோசடியும் உண்டு. "தவறுதலாக 5,000 ரூபாய் அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்" என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும். அதை நம்பாதீர்கள். வங்கிக் கணக்கைத் திறந்து, பணம் உண்மையில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். பணம் பெறுவதற்கு ஒருபோதும் பின் நம்பர் தேவையில்லை என்பதையும் மறக்க வேண்டாம். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

ஆனால் நூற்றில் இரண்டு பேர் ஏமாற்றுவார்கள் என்று பயந்து, மற்ற 98 பேரையும் திருடர்களாக நடத்தக் கூடாது. கடைக்குப் போனால் பொருளைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுக்கிறோம். முகம் தெரியாத ஒருவர், நாம் எடுத்த போட்டோவை மட்டும் நம்பி முதலிலேயே காசு அனுப்புகிறார். அவருடைய தைரியத்துக்கு நாம் மரியாதை கொடுக்க வேண்டாமா?

2025 ஓணம்

2025-ல் திருவோணம் செப்டம்பர் 5. மைனி ஆகஸ்ட் 24-ஆம் தேதியோடு ஓண ஆர்டரை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு கேட்ட ஏழெட்டுப் பேரிடம், "ஓணத்துக்குக் கிடைக்காது, அதுக்கப்புறம் வந்தாப் போதும்னா அனுப்புகேன்" என்றார். ஒருவர் மட்டும் சம்மதித்தார். மற்றவர்கள் போய்விட்டார்கள். விற்பனை குறைந்ததில் அவருக்கு வருத்தம்தான்.

இந்த முறையும் இரண்டு பார்சல்கள் வழியில் நின்றன. இரண்டு பேருக்கும் அன்றே தகவல் போனது. ஒருவர் பணம் கேட்டார், அரைமணி நேரத்தில் அனுப்பியாயிற்று. இன்னொருவர், "பரவாயில்லை அக்கா, கல்யாணத்துக்குக் கட்டிக்கிறேன்" என்றார். மைனி அன்று எனக்குப் போன் செய்யவே இல்லை. மறுநாள்தான் சொன்னார்.

நீங்களும் விற்கத் தொடங்கப் போகிறீர்களா? மகிழ்ச்சி. முதல் ஆர்டர் எடுப்பதற்கு முன்பே அந்த எக்செல் பைலைத் திறந்துவிடுங்கள்.